நாற்பது நாள் கீரை

டோல்கேட்டுக்குப் பின்புறம் இருக்கிற வாரியக் குடியிருப்பில் வசந்தம் வந்துவிட்டதென்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. பங்குனி பிறந்தால் தண்ணி லாரி வரும் நேரம் மாறும். வேப்பம்பூ உதிர்ந்து சாக்கடை ஓரமெல்லாம் வெளுத்துக் கிடக்கும். காலையில் போட்ட துணி பத்து மணிக்குள் காய்ந்துவிடும். அவ்வளவுதான் வசந்தம். ஆனால் சி பிளாக்கின் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தவர்கள் மட்டும் அந்த வருஷம் வேறு மாதிரி சொன்னார்கள். அங்கே கார்குழலி ஒரு தோட்டம் போட்டிருந்தாள்.

கார்குழலிக்கு வயது நாற்பத்தாறு. வீட்டிலிருந்தே நைட்டி தைத்துக் கொடுப்பவள். புருஷன் பாரி துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். வாரத்தில் நாலு நாள் எண்ணூர் ரோட்டில் வண்டிகளின் வரிசையில் நிற்பதுதான் அவன் பிழைப்பு. ஒரே மகள் எழில்மொழியை மீஞ்சூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. மகள் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அந்த வெறுமையை நிரப்பத்தான் குழலி இரண்டு கிறுக்குகளைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று செடி, இன்னொன்று பழைய சாமான்.

பழைய சாமான் என்றால் சும்மா இல்லை. ராயபுரம் பாலத்துக்கு அந்தப் பக்கத்துச் சந்தில் சிவந்தி அண்ணாச்சியின் காயலான் கடை இருக்கிறது. தெற்கே திருச்செந்தூர்ப் பக்கத்து மனுஷன், அப்பா காலத்திலிருந்து இங்கே கடை. உடைத்த கப்பல்களிலிருந்தும் துறைமுக ஏலத்திலிருந்தும் வரும் தட்டுமுட்டுகள் எல்லாம் அந்தக் கடையில் மலையாகக் குவிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் குழலி அங்கே போய்க் குந்திக்கொண்டு கிளறுவாள். நங்கூரம் வரைந்த பீங்கான் தட்டு, ஓரம் பெயர்ந்த எனாமல் பேசின், கண்ணாடி உருண்டை, கப்பல் லாந்தர், தையல் மிஷினின் இரும்புக் கால் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிவருவாள். தட்டுகள் சுவரில் தொங்கும், பேசினில் மண் ரொப்பிச் செடி வைப்பாள். பாரி டூட்டி முடிந்து வந்து பார்த்துவிட்டு, நாளைக்கு என்னையும் எடைக்குப் போட்டுவிட்டு ஒரு பழைய புருஷனை வாங்கி வந்துவிடாதே என்பான்.

அவளோடு கூடவே சந்துக்குப் போகிறவள் ஜானட். எதிர்வீடு. இரண்டு கதவுக்கும் நடுவில் நாலு எட்டு தூரம். ஜானட் காசிமேட்டு எறால் கம்பெனியில் தோல் உரிக்கிறாள். நாள் முழுக்க ஐஸ் தண்ணியில் கையை விட்டு விட்டு விரல்நுனியெல்லாம் ஊறி வெளுத்திருக்கும். புருஷன் நெல்சனுக்குத் துறைமுக யார்டில் கன்டெய்னர்களைச் சங்கிலி போட்டுக் கட்டுகிற வேலை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் பிள்ளையில்லாமல், வேளாங்கண்ணிக்கு நடையாய் நடந்து, மொட்டை போட்டு, பெற்றெடுத்த ஒரே பெண் மகிமா. நாலு வயது. ஜானட் வேலைக்குப் போகிற நேரமெல்லாம் பிள்ளை குழலியிடம்தான்.

அந்தச் சந்திலிருந்து குழலி மகிமாவுக்கு ஒரு சைக்கிள் பெல் வாங்கி வந்திருந்தாள். அந்தக் காலத்து வெளிநாட்டு பெல். கட்டைவிரலால் தட்டினால் கிர்ர்ரிங் என்று இரண்டு மாடிக்குக் கேட்கும். காலையில் ஜானட் படியிறங்கினதும் பிள்ளை அதைத் தட்டும். குழலி மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து தூக்கிக்கொண்டு மாடிக்குப் போவாள். "கொழலிம்மா, எல பாக்கலாம்" என்று பிள்ளை சொல்லும். பெற்ற மகளிடம்கூட அவள் அப்படிக் கொஞ்சியதில்லை என்று பாரியே சொல்வான்.

பொங்கல் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை குழலியின் கண்ணில் அந்தப் பெட்டிகள் பட்டன. நாலு பெட்டி. முழங்கால் உயரம், கறுப்பு, இரும்பும் இல்லை ரப்பரும் இல்லை, கல்லு மாதிரி கனம். பக்கவாட்டில் புடைத்த எழுத்தில் ஏதோ வெளிநாட்டுப் பெயரும் 1958 என்ற வருஷமும் இருந்தன. உள்ளே தடுப்பு வைத்து அறை அறையாகப் பிரித்திருந்தது. ஒரு அறைக்கு ஒரு கீரை போட்டால் எவ்வளவு ஷோக்காக இருக்கும் என்றுதான் அவளுக்குத் தோன்றிற்று. எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு அண்ணாச்சி, கப்பல் சாமான்தான், இன்னும் நூறு வருஷம் போனாலும் உடையாது என்றார். என்ன சாமான் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பாரி நண்பனுடைய மூன்று சக்கர வண்டியில் ஏற்றி வந்து, முதுகு ஒடிய மாடிக்குத் தூக்கிப் போட்டான்.

பெட்டிகளின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு புழுதி இரண்டு விரல் கனத்துக்கு இறுகிக் கிடந்தது. இந்த இடத்தில்தான் அவள் தப்பு செய்தாள். வேறு ஊர்க்காரி என்றால் முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே கொட்டியிருப்பாள். இந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சாம்பல் நிறத்தில் எதைப் பார்த்தாலும் சாம்பல்தான். அனல்மின் நிலையத்தில் கரி எரிக்கிற ஊர். பிறந்ததிலிருந்து சாம்பலில்தான் புழங்குகிறார்கள். மூட்டையில் கொண்டுவந்து பள்ளத்தை மேடாக்குவார்கள், வீடு கட்டக் கல் அறுப்பார்கள், பாத்திரம் தேய்ப்பார்கள், கீரைப் பாத்திக்கும் இரண்டு கை போடுவார்கள். போட்டால் பூச்சி அண்டாது, தளதளவென்று வரும். குழலியின் அம்மா எண்ணூரில் அப்படித்தான் வளர்த்தாள். ஆகவே குழலி ஒரு பழைய கரண்டியை எடுத்து அந்தப் புழுதியைப் பொறுப்பாகச் சுரண்டி, செம்மண்ணோடும் சாணி உரத்தோடும் கலந்து, அதே பெட்டியில் ரொப்பினாள். மகிமா பக்கத்தில் உட்கார்ந்து சின்னக் கையால் மண்ணை அமுக்கிக் கொடுத்தது.

கீரை வந்தது பாருங்கள், கண் பட்டுவிடும்போல வந்தது. சிறுகீரை, முளைக்கீரை, அரைக்கீரை, ஓர் அறை முழுக்கப் பொன்னாங்கண்ணி. ஜானட் மேலே வந்து பார்த்து வாயைப் பிளந்தாள்.

சரியாக அப்போதுதான் தவக்காலம் தொடங்கிற்று. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் சிலுவையோடு கோயிலிலிருந்து வந்த ஜானட், இனி நாற்பது நாள் கறி மீன் கிடையாது என்றாள். பிள்ளைக்காக நேர்ந்துகொண்ட விரதம், ஒரு வருஷமும் தப்பமாட்டாள். நெல்சன் காசிமேட்டில் பிறந்தவன், மீன் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. நாற்பது நாளும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிவான். குழலி சிரித்துக்கொண்டே, உன் விரதத்துக்கு நான் பொறுப்பு என்று சொல்லி அன்றைக்கே முதல் கட்டைப் பறித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து தினம் ஒரு கட்டு. தான் அம்பேத்கர் வழியில் புத்த மதம், அவள் கிறிஸ்தவம், ஆனாலும் அவள் விரதத்தில் தனக்கும் ஒரு கை உண்டு என்று குழலிக்கு உள்ளூரப் பெருமை. கடைந்தும், பொரித்தும், பருப்புப் போட்டும் எதிர்வீட்டில் தினம் கீரைதான். நெல்சன் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தள்ளிவிடுவான். பிள்ளைதான் கிண்ணத்தை வழித்துத் தின்றது. போதாததற்கு மாடியில் விளையாடும்போது விரலை மண்ணில் குத்தி வாயில் வைத்துக்கொள்ளும். குழலி பார்த்தால் கையைத் தட்டிவிட்டு, சீ கலீஜ் என்று முந்தானையால் வாயைத் துடைப்பாள். எந்தப் பிள்ளைதான் மண் தின்னவில்லை என்று விட்டுவிடுவாள்.

பங்குனி நடுவில் மகிமாவுக்கு வயிற்று வலி வந்தது. வெளிக்குப் போகவில்லை. பூச்சி என்று மெடிக்கலில் மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். குடல் ஏறியிருக்கிறது என்று யாரோ சொல்ல, எண்ணெய் போட்டு நீவினார்கள். பிறகு பிள்ளை வெளுத்துக்கொண்டு வந்தது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தது. வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை, கேட்டால் தலையை மட்டும் ஆட்டிற்று. கிளினிக்கில் ரத்தம் கம்மி என்று டானிக் எழுதிக் கொடுத்து, கீரை நிறையக் கொடுங்கள் என்றார்கள். அன்றைக்கு குழலி இரண்டு கட்டாகப் பறித்துக் கொடுத்தாள்.

குருத்து ஞாயிறு அன்று, குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு கோயிலிலிருந்து வந்த பிள்ளைக்கு வாசற்படியிலேயே வலிப்பு வந்தது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, வாயில் நுரை. நெல்சன் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

மறுநாள் ஏப்ரல் பதினாலு. குழலி வீட்டுக்கு வருஷத்தில் அதைவிடப் பெரிய நாள் கிடையாது. அம்பேத்கர் பிறந்தநாள், தெரு முழுக்க நீலக்கொடி, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு எல்லாரும் சிலைக்குப் போவார்கள், இனிப்பு கொடுப்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு வருஷமும் தவறினதில்லை. அந்த வருஷம் வெள்ளைப் புடவையை எடுத்து வைத்துவிட்டு, பிளாஸ்கில் கஞ்சி ஊற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஜானட்டின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் குழலியும் அங்கே இருக்கும்போதே டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண். பிள்ளையின் ரத்தத்தில் ஈயம் கலந்திருக்கிறது, நிறையவே இருக்கிறது, அது மூளைக்கு ஏறித்தான் வலிப்பு வருகிறது என்று நிதானமாகச் சொன்னார். வெளியே இழுக்க மருந்து கொடுக்கிறோம், ஆனால் எங்கிருந்து உள்ளே போகிறது என்று தெரிய வேண்டும் என்றார். வீட்டில் யாராவது பெயின்ட் வேலையா, ஈயம் உருக்குகிற வேலையா, பழைய பேட்டரி ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஜானட் எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றாள். நெல்சன்தான், குடியிருப்புக்குப் பின்னால் உலோகம் உருக்குகிற கம்பெனி ஒன்று இருக்கிறது, அதன் புகை மாடிமேல்தான் வருகிறது என்று சொன்னான்.

மத்தியானத்துக்குள் குடியிருப்பு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் பாலகணேஷ் பத்து வருஷமாக அந்தக் கம்பெனிமேல் மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர். அவர் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளும் கம்பெனிக்காரன் இருமல் என்றால் பீடி என்பான், தோல் அரிப்பு என்றால் குளிக்கவில்லை என்பான், இப்போது பெரிய ஆஸ்பத்திரிக் காகிதமே இருக்கிறது என்றார். சனிக்கிழமை டோல்கேட்டில் மறியல் என்று முடிவாயிற்று. மகிமாவின் படம் போட்டு அன்றைக்கே பேனர் அடித்தார்கள். படம் குழலியின் போனில் எடுத்ததுதான். மாடியில் கீரைக்கு நடுவில் பிள்ளை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. படத்தின் ஓரத்தில் கறுப்புப் பெட்டி ஒன்று பாதி தெரிந்தது.

பேனரைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் குழலிக்கு டாக்டர் சொன்ன பழைய பேட்டரி என்கிற வார்த்தை திரும்பி வந்தது. மாடிக்கு ஏறினாள். ஒரு பெட்டியின் ஓரத்து மண்ணைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். விளிம்பில் ஒரு பக்கம் கூட்டல் குறி, மறுபக்கம் கழித்தல் குறி. அப்படியே பஸ் பிடித்து சிவந்தி அண்ணாச்சியிடம் போனாள்.

அவர் ஒளிக்கவில்லை. அவருக்கு ஒளிக்க என்ன இருக்கிறது? "பேட்டரிப் பெட்டிதாம்மா. கப்பல்ல லைட்டுக்கு வச்சிருப்பாங்க. கழுவித்தானே வச்சிருக்கீய?" என்றார். அடியில் சாம்பல் இருந்ததே என்று அவள் கேட்டாள். "சாம்பலா? அது ஈயப் புழுதில்லா. நம்ம கடைப் பயலுவள அதத் தொடவே விடமாட்டேன்" என்றார். அவள் ஏன் கேட்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. டீ சொல்லட்டுமா என்றார்.

சாயங்காலம் பாரி வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பாரி கெட்டவன் இல்லை. ஆனாலும், வாயைத் திறக்காதே என்றான். "நீ இன்னா வேணும்னேவா பண்ணே? மருந்து குட்துனு கீறாங்க, புள்ள தேறிடும். பொட்டிய தூக்கிப் போட்டா மேட்டர் முட்ஞ்சிது. நீ போய் சொன்னா கம்பெனிகாரன் தப்சிக்குவான், இவுங்க உன் மூஞ்சில முழிக்கமாட்டாங்க." அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. முழு அநியாயத்தை ஒதுக்கிவிடலாம், பாதி நியாயம் இருக்கிற பேச்சுதான் ஆளைக் கவிழ்க்கும். புதன்கிழமை விடியலில் இருவருமாக அத்தனை கீரையையும் பிடுங்கி மூட்டை கட்டினார்கள், பெட்டிகள்மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஜானட் போன் பண்ணினாள். ரத்தம் இன்னும் ஏறவில்லையாம், உன் கீரையில் கொஞ்சம் சூப்பு வைத்து எடுத்துவா என்றாள். குழலி மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கட்டுக் கீரை வாங்கி, மூன்று தண்ணி விட்டு அலசி, சூப்பு வைத்து எடுத்துப் போனாள். ஜானட் ஸ்பூனால் பிள்ளைக்குப் புகட்டிக்கொண்டே, பக்கத்துக் கட்டில்காரியிடம் இது எங்கள் மாடியில் விளைந்தது, மருந்தே அடிக்காதது என்று பெருமையாகச் சொன்னாள். குழலி கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில்தான் டாக்டர் வந்தார். மருந்துக்கு எதிர்பார்த்த அளவு ஈயம் குறையவில்லை, இன்னும் உள்ளேயிருந்து ஏறிக்கொண்டிருக்கிற மாதிரி தெரிகிறது என்றார். பிள்ளை மண் தின்னுமா என்று கேட்டார். ஜானட்டுக்குக் கோபமே வந்துவிட்டது. "எங்க துன்னும்? நா வேலைக்குப் போனா கொழலிதான் பாத்துக்கறா. கண்ல வச்சி பாத்துக்கறா, டாக்டரு. பெத்தவ நானே அப்டி பாத்ததில்ல" என்றாள்.

டாக்டர் குழலியின் பக்கம் திரும்பினார். "நீங்கதானா? சொல்லுங்கம்மா, மண்ணு கிண்ணு வாயில வைப்பாளா?"

குழலி ஜானட்டைப் பார்த்தாள். ஜானட் அவளைப் பார்த்த பார்வையில் சந்தேகம் கடுகளவும் இல்லை.

"இல்ல டாக்டர்" என்றாள் குழலி.

இல்ல டாக்டர். இரண்டே இரண்டு சொல். அதை எப்படிச் சொன்னோம் என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிள்ளையைத் தன்னிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்கிற பயம்தான். வேறொன்றும் இல்லை. பிள்ளையின்மேல் இருந்த ஆசைதான் பிள்ளைக்கு எதிராக வாயைத் திறந்தது. டாக்டர் தலையாட்டிவிட்டுக் காகிதத்தில் எதையோ எழுதிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை மத்தியானம் மகிமாவுக்கு மறுபடி வலிப்பு வந்தது. முதல் தடவையைவிட நீளமாக வந்தது. நின்ற பிறகும் பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை.

பெரிய வெள்ளியன்று காலையில் குழலி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையில் பிளாஸ்க் இல்லை. ஒரு பிளாஸ்டிக் கவரில் அந்தப் பெட்டியின் மண் இரண்டு கை இருந்தது. வராந்தாவில் ஜானட் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒருசந்தி விரதம், பச்சைத் தண்ணியும் குடிக்கவில்லை. குழலி அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, பெட்டியிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னாள். அழவில்லை. அழுதால் ஜானட் தன்னைத் தேற்ற வந்துவிடுவாளோ என்று பயந்து அழாமல் சொன்னாள்.

ஜானட் கத்தவில்லை. கவரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"எப்போ தெரியும் உனுக்கு?"

"செவ்வாக்கெழம சாயங்காலம்."

"முந்தாநாள் டாக்டரு கேட்டாங்களே?"

"அப்பவும் தெரியும்."

"நீ எட்தாந்த சூப்பு?"

"மார்க்கெட் கீர."

ஜானட் எழுந்தாள். கவரை எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்கு நடந்தாள். குழலி பின்னால் போனாள். டாக்டர் மண்ணைப் பார்த்தார், கேட்டார், உடனே பிள்ளையின் வயிற்றை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் குடல் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். எல்லாம் மண். குழாய் விட்டுக் கழுவ ஏற்பாடு பண்ணிக்கொண்டே, யாரையும் திட்டாமல், குரலை உயர்த்தாமல், "இது புதன்கிழமையே தெரிஞ்சிருந்தா நேத்து ஃபிட்ஸ் வராம பார்த்திருக்கலாம்" என்றார். அவர் திட்டியிருந்தால் குழலிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வெளியே வந்ததும் ஜானட் திரும்பி நின்றாள். "தெரியாம பண்ணத நா கேக்கல, கொழலி. அது எனுக்கும் சாம்பலாதான் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்ச அப்றம் மூணு நாளு. அந்த மூணு நாள இன்னா பண்றது, சொல்லு."

மறியல் நடக்கவில்லை. பாலகணேஷ் பேனரைத் தானே அவிழ்த்து மடித்தார். பாரியைப் பார்த்து, இனிமே இங்கே எந்தப் பிள்ளைக்கு என்ன வந்தாலும் கம்பெனிக்காரன் உங்கள் மாடியைப் போய்ப் பாருங்கள் என்பான் என்றார். கம்பெனியின் புகை அதே பக்கம்தான் வருகிறது. அது நல்ல புகையா கெட்ட புகையா என்று கேட்க இனி யாருக்கும் வாய் இல்லை. குழலிக்கும் பாரிக்கும் ஜானட்டுக்கும் நெல்சனுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அவர்கள் உடம்பிலும் ஈயம் இருந்தது. பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்றார்கள். பெட்டிகளையும் மண்ணையும் மாநகராட்சி ஆட்கள் கையுறை மாட்டிக்கொண்டு வந்து மூட்டை கட்டி எடுத்துப் போனார்கள். மாடியில் அவை இருந்த இடம் மட்டும் நாலு கட்டமாகக் கறுத்துக் கிடக்கிறது.

மகிமா பிழைத்துக்கொண்டது. ஒரு மாதம் கழித்து, அக்னி நட்சத்திரம் கொளுத்துகிற நாளில் வீட்டுக்கு வந்தது. நெல்சன் தோளில் தலை சாய்த்துக்கொண்டு வந்தது. நடக்கிறது, ஆனால் வலது காலை இழுக்கிறது. பேச்சில் முக்கால்வாசி போய்விட்டது. அம்மா என்கிறது, தண்ணி என்கிறது. மற்றதெல்லாம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஜானட் எறால் கம்பெனி வேலையை விட்டுவிட்டாள்.

வந்த மறுநாள் காலையில் குழலி கதவைத் திறந்தபோது வாசலில் சாமான்கள் வரிசையாக இருந்தன. நங்கூரத் தட்டு, கண்ணாடி உருண்டை, பூப்போட்ட ஜாடி, கப்பல் லாந்தர். இத்தனை வருஷமாகக் குழலி ஜானட்டுக்குப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தவை எல்லாம். ஒவ்வொன்றையும் ஜானட் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். எதிர்க்கதவின் கிரில்லுக்கு உள்பக்கமாகப் பூட்டு போட்டிருந்தது. குழலி குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தாள். எண்ணிப் பார்க்காமலே தெரிந்தது, சைக்கிள் பெல் மட்டும் வரவில்லை. பிள்ளை கையிலிருந்து பிடுங்கப் பார்த்து, அது அழுது நீலம் பாரிக்கவும் ஜானட் விட்டுவிட்டாள் என்று நெல்சன் பிறகு பாரியிடம் சொன்னானாம்.

அதற்கு அடுத்த நாள் காலை ஒன்பது மணி. முன்பெல்லாம் ஜானட் வேலைக்குக் கிளம்புகிற நேரம். குழலி மிஷினில் உட்கார்ந்து நைட்டிக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டில் பெல் அடித்தது.

கிர்ர்ரிங்.

குழலியின் கால் தானாக மிதியிலிருந்து எழுந்துவிட்டது. நைட்டியை அப்படியே போட்டுவிட்டுக் கதவுவரை ஓடினாள், தாழ்ப்பாளில் கையும் வைத்துவிட்டாள். பிள்ளைக்குப் பேர் மறந்துவிட்டது, பேச்சு மறந்துவிட்டது, கூப்பிட்டால் யார் வருவாள் என்பது மட்டும் மறக்கவில்லை. கதவு இடுக்கில் பார்த்தாள். கிரில்லுக்குப் பின்னால் மகிமா தரையில் உட்கார்ந்து இந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஜானட் நின்றாள். பெல்லைப் பிடுங்கவும் இல்லை, பிள்ளையைத் தூக்கவும் இல்லை, பூட்டைத் திறக்கவும் இல்லை. பிள்ளை மறுபடி அடித்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தது. குழலி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்காமல், திறக்காமல், அது அடித்து ஓய்கிறவரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.